கூட்டைக் கலைக்க வந்தவள்

ஜூலையில் போனேன்.
கோர் ஊருக்கு வெளியே, மட்டவுரா ஆற்றின் வளைவில்
தகரக் கொட்டகை. கூரையெங்கும் உறைபனி.
நீதிமன்ற உத்தரவைக் கதவில் ஒட்டினால்
குளிரில் பசை பிடிக்கவில்லை.
உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன், கதவுக்குக் காய்ச்சல் பார்ப்பவள் மாதிரி.

பூட்டை மாற்றினேன். அதற்கு எனக்கு அதிகாரம் உண்டு.
கணக்குகளை எடுத்தேன். அதற்கும் உண்டு.
இயக்குநர் க்ளைவ் ஹார்ன்பியை உட்காரவைத்து
சத்தியம் வாங்கி
மார்ச்சில் காணாமல் போன படகு எங்கே என்று கேட்கலாம்.
கேட்டேன்.
மைத்துனன் பெயரில் மிதக்கிறதாம்.
மிதக்கட்டும். இழுத்துக் கரைசேர்க்க ஒரு பிரிவு இருக்கிறது.

உள்ளே நாலாயிரம் ஜாடி, க்ளோவர் தேன்.
பணம் வரும்வரை ஜாடி தன்னுடையதென்று
இன்வாய்ஸின் அடியில் பொடியெழுத்தில் போட்டிருந்தான் கண்ணாடிக்காரன்.
தேன் வங்கியுடையது.
லேபிளில் சிரிக்கும் தேனீ
அச்சகத்துக்குப் பதினோராயிரம் டாலர் பாக்கி.
ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
இத்தனை பேர் உரிமை கோரியும்
கலங்கவில்லை அது.

பிறகு தேன்பெட்டிகள். அறுநூற்றுப் பன்னிரண்டு.
சொத்துப் பட்டியலில் உயிருள்ளவற்றுக்குக் கட்டம் இல்லை;
‘இயந்திரங்களும் கருவிகளும்’ என்பதன் கீழ் எழுதினேன்.
காது வைத்தால் உள்ளே
தூரத்தில் லாரி மேடேறும் ஓசை.
குளிர்காலத்துக்கென்று விட்டுவைத்ததையும்
கடைசி மாதம் வழித்து விற்றிருந்தார்கள்.
எனவே நான் எழுதிய முதல் செலவு:
சர்க்கரை, மூன்று டன்.
கலைப்புச் செலவு எல்லாவற்றுக்கும் முந்தியது;
சம்பள பாக்கிக்கு முன், வரிக்கு முன்
பந்தியில் உட்கார்ந்தவை தேனீக்கள்.

கடன்காரர் கூட்டம் ரக்பி கிளப் மாடியில்.
நாற்பது ஈரக் கோட்டுகள்.
எண்பது பீப்பாய் தேன் ஊற்றிவிட்டு
வெறும் ரசீதோடு நின்ற ஓல்வின் ட்ரெம்லெட் எழுந்தாள்:
“பூச்சிக்குச் சர்க்கரை வாங்கக் காசு இருக்கிறது, இல்லையா?”
பட்டினிப் பெட்டியை எவன் வாங்குவான் என்றேன்.
“உன் மணிக்கூலி?”
நானூற்றுப் பத்து.
தேன் எடுத்தவள் புறங்கையை நக்கத்தான் செய்வாள்;
நான் ஒவ்வொரு நக்கலுக்கும் கணக்குத் தருகிறேன்.
அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.
என்னை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு.
பதினேழு கை உயர்ந்தது.
தலை போதும், தொகை போதாது.

கடைசி வரிசையில் ஹோஹெபா கரேட்டாய்,
தான் வெறும் வேடிக்கை பார்க்க வந்தவன் என்று நினைத்திருந்தான்.
மே மாதம் வாசலை மறித்து லாரியை நிறுத்தி
இரண்டு ராத்திரி அதிலேயே தூங்கி
இருபத்துமூவாயிரம் வாங்கிப்போனவன்.
ஆறு மாதத்துக்குள் ஒருவனுக்கு மட்டும் போனது
எல்லாருக்கும் சொந்தம்; திரும்பக் கேள் என்கிறது சட்டம்.
நியாயம்தான். கடிதத்தை நான்கு முறை எழுதினேன்.

“டயருக்குப் போச்சு. மகள் பல்லுக்குப் போச்சு,” என்றான்.
“பல்லைப் பிடுங்கிக் கொண்டுபோறீங்களா?”
கம்பெனி தேறாதென்று தெரிந்துதானே
வண்டியைக் குறுக்கே நிறுத்தினாய் என்றேன்.
மேசையைப் பார்த்தான்.
மாதம் நானூறு என்று முடிந்தது.
கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, கேட்டான்:
“பெட்டிகளை வாங்கினவனிடம் யார் ஏற்றிப்போகிறது?”
யாரும் இல்லை.
மறுநாள் விடியுமுன் அவனே ஏற்றினான்,
வலை போர்த்தி, மெதுவாக.
வாடகை கலைப்புச் செலவு. அன்றே, முழுதாக.

ஓல்வினுக்கு டாலருக்கு ஒன்பது சென்ட்.

ஒரு பெட்டி மட்டும் மிஞ்சியது. அடிப்பலகை உளுத்தது,
வாங்க ஆளில்லை.
பயனற்ற சொத்தைக் கைவிடவும் எனக்கு அதிகாரம் உண்டு.
‘உரிமை துறக்கப்பட்டது’ என்று தாள் எழுதி
அதன் மூடியில் குத்தினேன்.
செப்டம்பர். வில்லோ பூத்திருந்தது.
காருக்குத் திரும்பி நடக்கையில்
ஒன்று என் சட்டைக் கையில் உட்கார்ந்தது,
மஞ்சள் பொடி அப்பிய கால்களோடு.
யாருடையது என்று
பழக்கத்தில் யோசித்தேன்.